முதுகுவலியும் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தும்: வயதானவர்களின் ரத்தப் பரிசோதனையை எப்படிப் படிப்பது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழும். லேப் ரிப்போர்ட். இரண்டு எண்களைப் பேனாவால் சுழித்திருப்பார்கள். கீழே ஒரு வரி: "அப்பாவுக்கு ஈ.எஸ்.ஆர். 48-ஆம், முதுகுவலியும் ஒரு மாசமா இருக்கு, என்னவா இருக்கும்?" சித்தப்பா வாதம் என்பார். அத்தை, யூரிக் ஆசிட்தான், பருப்பை நிறுத்து என்பார். வெளிநாட்டு மருமகன் எதையோ தேடிப் பார்த்து, புற்றுநோய் என்று எழுதி, உடனே அழித்தும்விடுவார். அழித்ததுதான் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

மூன்று பேர் பேச்சிலும் ஒரே கோளாறு இருக்கிறது. ஒரு எண்ணைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து நேரே நோயின் பெயருக்குத் தாவுகிறார்கள். ரத்தப் பரிசோதனை அப்படி வேலை செய்வதில்லை. தனியாக நிற்கும் ஒரு எண் பெரும்பாலும் எதையும் சொல்லாது. நான்கைந்து எண்கள் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், அது பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள். அறுபது தாண்டியவருக்கு முதுகுவலியும் இருந்தால் அந்தச் சாய்வைத் தவறவிடக் கூடாது.

"நார்மல்" என்று அச்சடித்திருப்பது எது?

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு எல்லை அச்சாகியிருக்கும். ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேரைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரின் அளவுகளை எடுத்துக்கொண்டு, இரு ஓரங்களையும் வெட்டிவிட்டால் கிடைப்பது அது. அதற்குக் குறிப்பெல்லை என்று பெயர். வெட்டப்பட்ட ஐந்து சதவீதத்தினரும் ஆரோக்கியமானவர்கள்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். மாஸ்டர் செக்கப்பில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் இருக்கின்றன என்று கொள்வோம். நோயே இல்லாத ஒருவருக்கு அவற்றில் ஒன்றாவது எல்லையைத் தாண்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். பெரிய பேக்கேஜ் எடுத்தால் தடித்த எழுத்தில் ஏதோ ஒன்று வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதுகுவலிக்காரரைப் பயமுறுத்துவதில் யூரிக் ஆசிட்டும், மூட்டுவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டரும் முன்னணியில் இருக்கின்றன. யூரிக் ஆசிட் சற்றுக் கூடியிருப்பது நடுத்தர வயதைத் தாண்டிய பலரிடமும் காணக்கூடியது. அது கால் கட்டைவிரல் மூட்டை வீங்க வைக்கலாம். தீராத முதுகுவலிக்கு அதைக் காரணம் காட்டுவது அநேகமாகத் தவறு. ஆர்.ஏ. ஃபேக்டர் மூட்டுவாதம் இல்லாத முதியவர்கள் சிலருக்கும் பாசிட்டிவ் ஆக வரும். வலிக்கும் இடமோ, வீக்கமோ பொருந்தாதபோது இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

ஈ.எஸ்.ஆர்.: எதை அளக்கிறது?

ரத்தத்தை உறையாமல் ஒரு மெல்லிய குழாயில் நிறுத்தி வைக்கிறார்கள். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதுதான் ஈ.எஸ்.ஆர். அவ்வளவுதான் சோதனை.

சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். ரத்தத்தில் சில வகைப் புரதங்கள் கூடினால் இந்தத் தள்ளுதல் மட்டுப்படும். அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, எடை கூடி, வேகமாக இறங்கும். ஆக, ஈ.எஸ்.ஆர். கூடியிருக்கிறது என்றால் "ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் கூடியிருக்கிறது" என்ற அளவுக்குத்தான் அது சொல்கிறது. அந்தப் புரதம் சளிக்காய்ச்சலால் வந்ததா, காசநோயாலா, புற்றுநோயாலா என்று அதற்குத் தெரியாது. ரத்தசோகை இருந்தாலும் எண் ஏறும்.

வயதோடும் ஏறும். பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, கணினி இல்லாமலே போட்டுப் பார்க்கலாம்: ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி. எழுபது வயது அப்பாவுக்கு 35 வரை இயல்பு என்று கொள்ளலாம். அவருடைய 48 கொஞ்சம் கூடுதல்தான். ரிப்போர்ட்டில் எல்லை 20 என்று அச்சாகியிருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் போனதாகத் தெரியும். அப்படிப் பார்த்துத்தான் வீடே கலங்குகிறது. ஆனால் 100-ஐத் தாண்டினால் கதை வேறு. அவ்வளவு உயரத்துக்குக் காரணம் இல்லாமல் ஈ.எஸ்.ஆர். போகாது; தேட வேண்டும்.

சுருக்கமாக: எல்லையைத் தாண்டிய ஒற்றை எண் நோய் அல்ல. சற்றுக் கூடிய ஈ.எஸ்.ஆர். வயதாலும் ரத்தசோகையாலும் வரும். நூறைத் தாண்டியதை விட்டுவிடக் கூடாது.

வலி என்ன சொல்கிறது?

முதுகுவலியோடு மருத்துவரிடம் வருகிறவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் புற்றுநோய் காரணமாக இருக்கும். பெரும்பாலும் தசை, தசைநார், மூட்டு, முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) சம்பந்தப்பட்டவை. சில வாரங்களில் தணியும்.

இங்கே ஸ்கேன் வேறு குழப்பும். முதுகுவலியே இல்லாத அறுபது வயதுக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரியும். நரை மாதிரி அது வயதின் அடையாளம். "டிஸ்க் பல்ஜ் இருக்கு" என்ற வரியைப் படித்ததும் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்திவிடுகிறோம். நிஜக் காரணம் அந்த வரியின் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு முதல்முறையாக வரும் வலி, ஆறு வாரம் ஆகியும் குறையாத வலி, தோள்பட்டைகளுக்கு நடுவில் வரும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, மாலைநேரக் காய்ச்சல், முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். படுத்தாலும் தணியாத வலி கெட்டது என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் அதன் மறுபக்கம், அதாவது படுத்தால் தணியும் வலி ஆபத்தில்லாதது என்பது, உண்மையில்லை. நாம் பார்க்கப்போகும் மைலோமா என்ற நோயில் வலி அசையும்போது கூடி, ஓய்வெடுத்தால் குறையும். சாதாரண இடுப்புப் பிடிப்பு எப்படியோ அப்படியே இருக்கும். பல மாதங்கள் தைலத்திலும் பெல்ட்டிலும் கழிந்துபோவது இதனால்தான்.

எலும்புக்குள் ஒரு தையற்கடைத் தெரு

எலும்பின் நடுவில் இருக்கும் மென்மையான பொருள் எலும்பு மஜ்ஜை. ரத்த அணுக்கள் பிறக்கும் இடம். அங்கே பிளாஸ்மா செல் என்ற ஒரு வகை அணுவும் குடியிருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைச் செய்து தருவது அதன் தொழில்.

மஜ்ஜையை ஒரு தையற்கடைத் தெருவாக நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான தையற்காரர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவில் சட்டை தைக்கிறார்கள். ஊரில் காய்ச்சல் பரவினால் தெரு முழுக்க வேலை கூடும். எல்லா அளவிலும் சட்டைகள் குவியும். காய்ச்சல் ஓய்ந்தால் வேலையும் ஓயும்.

ஒருநாள் ஒரு தையற்காரருக்கு மட்டும் புத்தி பிசகுகிறது. ஆர்டர் இல்லாமலே தைக்கிறார். தன்னைப் போலவே ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார். அத்தனை பேரும் ஒரே அளவில், யாருக்கும் பொருந்தாத ஒரே சட்டையைத் தைத்துத் தள்ளுகிறார்கள். மற்ற கடைகளுக்கு இடமில்லாமல் போகிறது.

மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இதுதான். ஒரே பிளாஸ்மா செல்லின் வாரிசுகள் மஜ்ஜையை ஆக்கிரமித்து, ஒரே மாதிரியான ஆன்டிபாடியை ரத்தத்தில் கொட்டுகின்றன. அந்த ஒற்றை வகைப் புரதத்துக்கு எம். புரதம் என்று பெயர். ஆன்டிபாடிகள் எல்லாம் ரிப்போர்ட்டில் குளோபுலின் என்ற வரியில் அடங்கும். ரத்தத்தின் முக்கியப் புரதமான அல்புமினுக்குக் கீழே, யாரும் பார்க்காத வரி.

இனி மற்ற எண்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும். சிவப்பணு செய்ய இடமில்லாததால் ரத்தசோகை. புரதம் கூடியதால் சிவப்பணுக்கள் அடுக்கிக்கொண்டு ஈ.எஸ்.ஆர். ஏறும். எலும்பில் பழையதை அரிக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் எப்போதும் சமமாக வேலை செய்பவை. மைலோமா செல்கள் அரிப்பவற்றைத் தூண்டி, கட்டுபவற்றை அடக்கிவிடுகின்றன. எலும்பு பொத்தலாகிறது, முள்ளெலும்பு நசுங்குகிறது, முதுகு வலிக்கிறது. கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் கூடுகிறது. அதிகப்படியான புரதத் துண்டுகள் சிறுநீரக நுண்குழாய்களில் அடைத்துக்கொண்டு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஏறுகிறது.

சுருக்கமாக: தெரு முழுக்க வேலை கூடுவது தொற்றிலும் வேறு பல நோய்களிலும் நடக்கும். ஒரே கடை தெருவை விழுங்குவது மைலோமா. ரத்தசோகை, கால்சியம், சிறுநீரகம், எலும்பு நான்கிலும் அதன் கைவரிசை தெரியும்.

ஒரு ரிப்போர்ட்டைக் கையில் எடுப்போம்

எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த ஒரு தாள். 67 வயது அம்மா, மூன்று மாத முதுகுவலி. ஹீமோகுளோபின் 9.4. ஈ.எஸ்.ஆர். 112. கிரியாட்டினின் 1.5. கால்சியம் 10.4. மொத்தப் புரதம் 9.6, அல்புமின் 3.2. அல்கலைன் பாஸ்பட்டேஸ் நார்மல்.

வீட்டில் பார்ப்பவர் என்ன சொல்வார்? "ரத்தம் கம்மி, இரும்புச்சத்து டானிக் குடிக்கட்டும். கிரியாட்டினின் கொஞ்சம்தான் கூட, வயசாச்சு. கால்சியம் நல்லா இருக்கு." ஒவ்வொரு விளக்கமும் தனித்தனியாகக் கேட்டால் நியாயமாகவே படும்.

இப்போது சேர்த்துப் படிப்போம். மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் குளோபுலின்: 9.6-லிருந்து 3.2 போக 6.4. இயல்பில் இது 2-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். 4-ஐத் தாண்டினாலே ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்தது கால்சியம். 10.4 என்பது எல்லைக்குள் இருப்பதால் தடித்த எழுத்து இல்லை. ஆனால் ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஒரு பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டு திரிவது. அல்புமின் குறைவாக இருக்கும்போது எண் குறைத்துக் காட்டும். அல்புமின் 4-ஐ விட எவ்வளவு குறைவோ அதை 0.8-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். இங்கே 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.64. உண்மையான அளவு 11-க்குச் சற்று மேல். "நல்லா இருக்கு" என்று தாண்டிப்போன வரிதான் இந்தத் தாளிலேயே கவலைக்குரிய வரிகளில் ஒன்று.

அல்கலைன் பாஸ்பட்டேஸ் நார்மலாக இருப்பதும் ஆறுதல் தராது. அது எலும்பைக் கட்டும் செல்கள் சுரக்கும் நொதி. மைலோமாவில் கட்டும் வேலையே முடங்கிக் கிடப்பதால் அது பெரும்பாலும் ஏறுவதில்லை.

இந்த அம்மாவுக்கு மைலோமா என்று இந்தத் தாளை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இரும்புச்சத்து டானிக்கோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்த சோதனை எது?

சீரம் புரத எலக்ட்ரோஃபோரிஸிஸ். பெயர்தான் வாயில் நுழையாது, நோயாளிக்கு வழக்கமான ரத்தம் எடுத்தல்தான். ரத்தத்தின் தெளிந்த நீரை மின்புலத்தில் ஓடவிட்டால் புரதங்கள் வகைவகையாகப் பிரியும். அதை கிராஃபாக வரைவார்கள். தெரு முழுக்கத் தைத்திருந்தால் குளோபுலின் பகுதியில் அகலமான மேடு தெரியும். ஒரே கடை தைத்திருந்தால் அங்கே ஒரு கூர்மையான முனை எழும். பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஆன்டிபாடி பெரிய துண்டும் சிறிய துண்டும் சேர்ந்தது. ஐந்தாறு நோயாளிகளில் ஒருவருக்கு மைலோமா செல்கள் முழுச் சட்டை தைக்காமல் கைகளை மட்டும் தைக்கும். அந்தச் சிறிய துண்டுக்கு லைட் செயின் என்று பெயர். இவர்களுக்குக் குளோபுலின் கூடாது, எலக்ட்ரோஃபோரிஸிஸில் முனை தெரியாமலும் போகலாம். அதனால் ஃப்ரீ லைட் செயின் என்ற சோதனையையும் சேர்த்துக் கேட்பார்கள். சிறுநீர் ரொட்டீனில் "அல்புமின் இல்லை" என்று வருவதை நம்பி விட்டுவிடவும் முடியாது. அதற்குச் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் தாள்பட்டை அல்புமினைத்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும், லைட் செயினைத் தவறவிடும்.

இந்தத் துண்டுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1845-ல் லண்டன் மளிகை வியாபாரி ஒருவருக்குக் கடும் எலும்புவலி. அவருடைய சிறுநீர் விசித்திரமாக நடந்துகொண்டது: சூடாக்கினால் திரியும், கொதித்தால் கரையும், ஆறினால் மறுபடி திரியும். அவருடைய மருத்துவர்கள் மாதிரியை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் தெரிந்த மருத்துவருக்கு அனுப்பி, இது என்ன என்று கேட்டார்கள். நோயாளி அடுத்த ஜனவரியில் இறந்துபோனார். அந்தப் பொருள் ஆன்டிபாடியின் லைட் செயின்தான் என்று நிரூபணமாக 1962 வரை ஆனது. இன்றும் அதற்குப் பென்ஸ் ஜோன்ஸ் புரதம் என்றே பெயர்.

எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்பார்கள். எலும்பின் கனிமத்தில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். சந்தேகம் வலுத்தால் எம்.ஆர்.ஐ., சி.டி., பெட் ஸ்கேன் இவற்றில் ஒன்றும், மஜ்ஜைப் பரிசோதனையும் தேவைப்படும். அது ரத்தநோய் மருத்துவரின் வேலை.

முனை தெரிந்தால் புற்றுநோய்தானா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் ரத்தத்தில் சிறிய எம். புரதம் இருக்கும்; எழுபது தாண்டினால் ஐந்து பேருக்கு. ரத்தசோகை, எலும்புத் தேய்வு எதுவும் இருக்காது. இந்த நிலைக்கு எம்.ஜி.யு.எஸ். என்று பெயர். இவர்களில் ஆண்டுக்குச் சுமார் நூறில் ஒருவருக்குத்தான் அது மைலோமாவாகவோ அதன் உறவுக்கார நோயாகவோ மாறும். மற்றவர்கள் அதோடு வாழ்ந்து, வேறு ஏதாவது காரணத்தால் காலமாவார்கள். மருந்து தேவையில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும். சோதனையில் முனை தெரிந்ததும் வீட்டில் ஒப்பாரி வைப்பதை இந்த ஒரு தகவல் நிறுத்தும்.

மைலோமா தவிர

எலும்பு மெலிவால் முள்ளெலும்பு நசுங்குவதுதான் வயதான பெண்களிடம் அதிகம். குனிந்து குடத்தைத் தூக்கியதும் சுள்ளென்று பிடித்திருக்கும். இதில் ரத்தப் பரிசோதனைகள் பொதுவாக நார்மலாகவே இருக்கும். அப்படி இல்லாமல் ரத்தசோகையும் உயர்ந்த ஈ.எஸ்.ஆரும் கூடவே வந்தால், "எலும்பு மெலிவு" என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது.

நம் நாட்டில் மறக்கவே கூடாதது முதுகெலும்புக் காசநோய். மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடைக்குறைவு, கூடிய ஈ.எஸ்.ஆர். எம்.ஆர்.ஐ.யில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் இடையில் உள்ள வட்டும் சேர்ந்து அரித்திருக்கும். புற்றுநோய் பெரும்பாலும் வட்டைத் தொடாது. முழுமையாகக் குணமாக்கக்கூடிய நோய் என்பதால் தவறவிட்டால் வருத்தம் இரட்டிப்பு.

ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவும்போது அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறும், புராஸ்டேட் சுரப்பியின் புரதமான பி.எஸ்.ஏ.வும் பெரும்பாலும் ஏறும். வைட்டமின் டி கடுமையாகக் குறைந்து எலும்பு மிருதுவானாலும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏறும். ஆனால் அங்கே கால்சியம் இறங்கியோ இயல்பாகவோ இருக்கும், பி.எஸ்.ஏ. அதனால் ஏறாது. ஒரே எண் இரண்டு நோய்களில் ஏறுகிறது, பக்கத்து எண்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது.

மருத்துவரிடம் போவதற்கு முன்

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஹீமோகுளோபின் 12.8, இப்போது 9.4 என்ற இறக்கம், இன்றைய 9.4-ஐ விட அதிகம் சொல்லும். கிரியாட்டினினும் அப்படித்தான். மெலிந்த முதியவருக்குத் தசை குறைவு என்பதால் 1.2 கூடச் சிறுநீரகம் தளர்ந்ததைக் குறிக்கலாம். குளோபுலின் அச்சாகவில்லை என்றால் நீங்களே கழித்து ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "எலக்ட்ரோஃபோரிஸிஸ் பார்க்கணுமா டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வலி மாத்திரை விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகையறாக்களை மருந்துக்கடையில் வாங்கி வாரக்கணக்கில் போடுவது எந்த முதியவரின் சிறுநீரகத்துக்கும் ஆகாது. லைட் செயின் அடைத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை அது ஒரேயடியாகச் சாய்த்துவிடும். காரணம் தெரியும்வரை மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் பாதுகாப்பானது. தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் கெடுதல், இதய நோயாளிகளும் சிறுநீரகம் தளர்ந்தவர்களும் அளவு கேட்டுக் குடிக்கட்டும்.

இதற்கெல்லாம் ஓரிரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, உட்காரும் இடத்தில் மரத்துப்போனாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. தண்டுவடமோ அதன் அடியிலுள்ள நரம்புகளோ அழுந்துகின்றன என்று அர்த்தம். அன்றைக்கே, ராத்திரியானாலும், எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சில மணி நேரத் தாமதம் கூட நடக்க முடிவதையும் முடியாமல் போவதையும் தீர்மானிக்கும்.